முப்பதாவது பூச்சி

பதினொன்றாம் வகுப்பில் விலங்கியல் டீச்சர் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆளுக்கொரு பெட்டியில் அல்ல, இருவருக்கும் சேர்த்து ஒரே பெட்டியில் முப்பது பூச்சி குத்திப் பெயர் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். எனக்குக் கூட்டாளியாக வாய்த்தவன் டவுனில் பேகம்பூர்க்காரன். அதற்கு முன் அவனிடம் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன். ஒட்டன்சத்திரம் போகும் வழியில் எங்கள் ஊர். பூச்சி எங்கள் தோட்டத்தில் இருந்தது, ஃப்ரிட்ஜ் அவன் வீட்டில் இருந்தது. உயிரோடு குத்தினால் உதறி உதறிக் காலை ஒடித்துக்கொள்ளும்; ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்த பிறகுதான் ஊசி ஏற்ற வேண்டும்.

"கறி வைக்கிற எடத்துல கரப்பான வைக்கிறியான்னு எங்கம்மா வெளக்கமாத்த எடுத்துட்டாங்க மாப்ள. இப்ப காபித்தூள் பாட்டில்ல போட்டு, பேப்பர் சுத்தி, மேல 'மருந்து'ன்னு எழுதிட்டேன்."

சனிக்கிழமைதோறும் ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்குவான். கொசுவலையில் தைத்த பையைக் கம்பியில் கட்டி, கத்திரி, தக்காளி, முருங்கை என்று அலைவோம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நான் புத்தகத்தை எடுத்தால் அம்மா டிவியை நிறுத்திவிடும், அப்பா சத்தமில்லாமல் நடப்பார். என்ன படிக்கிறேன் என்று மட்டும் இருவரும் கேட்டதில்லை. கேட்டால் படிப்பு கெட்டுவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. அவன் கேட்டான். தும்பிக்கு ஏன் நான்கு இறக்கை, ஈக்கு ஏன் இரண்டு என்று வரப்பில் உட்கார்ந்து மதியம்வரை பேசியிருக்கிறோம்.

அப்பாவிடம் பூச்சியின் பெயர் கேட்டால் வேறு கணக்கில் சொல்வார். "இது மொத மருந்துக்கே செத்துரும். அது ரெண்டாவது அடிச்சாத்தான். இந்தா இருக்கே, இது நம்மளயே கொன்னுட்டுத்தான் போகும்."

அவன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டான். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே சிறு சீட்டு: இடம், தேதி, பிடித்தவர். தேதியில் மட்டும் அவனிடம் சலுகை கிடையாது. நான் பிடித்த அழகான ஒரு தும்பியை, புதனா வியாழனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை என்பதற்காகத் தூக்கிப் போட்டான். "தேதி பொய்யின்னா பூச்சியும் பொய்யி மாப்ள."

இருபத்தொன்பது சேர்ந்துவிட்டது. இன்னும் ஒன்று கிடைத்தால் அவன் வருவது நின்றுவிடும். அந்த ஒன்று செவ்வாய்க்கிழமை எருக்குழியில் கிடைத்தது; சாணி கொட்ட வந்த அம்மாவும் பார்த்தது. கொம்பு வைத்த ஆண் காண்டாமிருக வண்டு, கட்டைவிரல் பருமன். பால்பவுடர் டப்பாவில் எருவோடு போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். புதன், வியாழன், வெள்ளி, பள்ளிக்கூடத்தில் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை வந்தான். வெயிலில் சுற்றி, வெறும் பையோடு சாப்பிட உட்கார்ந்தோம்.

"சனிக்கெழம கவுச்சி ஆகாதுப்பா. கத்திரிக்காதான் வெஞ்சனம்," என்று அம்மா வழக்கம்போல வருத்தப்பட்டது.

"இதுக்குத்தாம்மா நான் வாரதே."

அப்போது கட்டிலுக்கு அடியில் கரகரவென்று சுரண்டும் சத்தம். எலி என்று குனிந்த அம்மா டப்பாவோடு நிமிர்ந்தது.

"ஏலே அப்பு, செவ்வாக்கெழம புடிச்ச வண்ட அந்தத் தம்பிகிட்டக் குடுக்கலையா நீ? பாவம், வெயில்ல அம்புட்டு நேரம் அலைய விட்டுட்டியே."

அவன் டப்பாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "செவ்வாக்கெழமயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தட்டில் மீதமிருந்ததைச் சாப்பிட்டு முடித்தான்.

பஸ்ஸுக்கு நின்றபோது டப்பா அவன் கையில் சுரண்டிக்கொண்டே இருந்தது. "அத்தா சனிக்கெழம கடையில நிக்கச் சொல்லுது," என்றான். அவன் அப்பாவுக்குத் தோல் பை, பெல்ட் விற்கும் கடை. "ப்ராஜெக்ட்டுன்னு சொல்லித்தான் இம்புட்டு நாளும் வந்தேன். சும்மா வாரேன்னா விடமாட்டாங்க."

சும்மா ஒரு நாள் வா என்று நான் சொல்லியிருக்கலாம். "பஸ் வந்துருச்சு" என்றுதான் சொன்னேன்.

புதன்கிழமை பெட்டியைக் கொண்டுவந்தான். முப்பதாவது சீட்டில் எங்கள் ஊர் பெயர். தேதி, சனிக்கிழமையுடையது. மற்ற சீட்டுகளில் யார் பிடித்தோமோ அவர் பெயர் மட்டும் இருக்கும். இதில் இருவர் பெயரும் இருந்தது.

"தேதி தப்பா இருக்கே," என்றேன்.

"நான் பாத்த தேதி அதான் மாப்ள."

அதற்குப் பிறகும் வகுப்பில் பேசினோம், சிரித்தோம். சனிக்கிழமைகள் மட்டும் திரும்பவில்லை. நான் கோயம்புத்தூரில் விவசாயம் படிக்கப் போனேன், அவன் கடையில் உட்கார்ந்தான். இப்போது நாளெல்லாம் பூச்சிக்குப் பெயர் எழுதுவதுதான் என் படிப்பு. தேதி எழுதும் இடம் வந்தால் கை செத்த நேரம் நிற்கிறது. பெட்டி ஊரில் பரண்மேல் இருக்கிறது. பாச்சை உருண்டை தீர்ந்து, எறும்பு புகுந்து, வண்டில் கொம்பும் ஓடும்தான் மிச்சம். சீட்டின் மை அப்படியே இருக்கிறது.

சனிக்கிழமை ஊரில் இருந்தால் ஒன்பது மணி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் எழுந்துவிடுகிறேன். கத்திரிக்குத் தண்ணீர் பாயுதான்னு பாத்துட்டு வாரேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ரோடு வரை போய்வருகிறேன். தோட்டம் அந்தப் பக்கம் இல்லை. அப்பா ஒன்றும் கேட்பதில்லை.