ஜாஸ் மியூசியத்தைத் திறந்தோம், மூடினோம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஜாஸ் என்பது யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். நெய்வேலியில் மைன்ஸ் ஆரம்பிக்க வந்தவராக இருப்பார், அவர் நினைவாக மியூசியம் வைக்கிறார்கள் போல என்று என் கணக்கு. அதற்கு முன் ஒரு நூலகத்தில் கான்ட்ராக்ட் அட்டெண்டராக இருந்தேன். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து சைக்கிளில் வருவேன்.

மியூசியத்தை ஆரம்பித்தவர் ஆல்பர்ட் சார். டர்பைன் இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரிடமே கேட்டேன்.

"ஜாஸ்ங்கறவரு போட்டோ எதுங்க சார்?"

அவர் சிரிக்கவில்லை. "ஆள் இல்லம்மா, அது ஒரு இசை. அமெரிக்காவுல கறுப்பு மக்கள் உண்டாக்கினது. உட்காரு, கேளு" என்று ஒரு ரெக்கார்டைப் போட்டார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "ஆளுக்கொரு பக்கமா போறாங்களே சார்" என்றேன்.

"போவாங்க. திரும்பி வந்து சேருவாங்க. அது வரைக்கும் பொறுமையா கேக்கணும்."

சேர்ந்தது

ஒரு காலத்தில் டவுன்ஷிப் கிளப்பில் ஊழியர்களே நடத்திய ஜாஸ் பேண்டு ஒன்று இருந்ததாம். ரிட்டையராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்கள், சொந்த ஊருக்கு எடுத்துப்போக முடியாததை எல்லாம் சாரிடம் விட்டுப்போனார்கள். டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ், பெட்டி பெட்டியாக ரெக்கார்டுகள். பழைய கட்டடம் ஒன்றை டவுன்ஷிப் ஆபீஸில் கேட்டு வாங்கி, இரண்டு அறைகளில் அவற்றை வைத்தார்.

என் வேலை தூசியோடு சண்டை. எங்கள் ஊர்த் தூசி ரெக்கார்டின் வரிக்குள் போய் உட்கார்ந்துவிடும். வட்டப் போக்கிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே துடைத்தால் கீறல் விழும்.

நல்ல நாட்களும் இருந்தன. ஞாயிறு மாலையில் சார் ரெக்கார்டு போட்டு விளக்குவார். மைன்ஸில் ஷிஃப்ட் முடித்தவர்கள் யூனிஃபார்மோடு வருவார்கள். நாற்காலி போதாமல் பக்கத்து சர்ச்சில் போய்க் கேட்போம். சென்னையிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

சரிந்தது

அப்புறம் கூட்டம் குறைந்தது. வந்துகொண்டிருந்தவர்களும் ரிட்டையராகி ஊரைவிட்டுப் போனார்கள். ஒரு மழைக்காலத்தில் மேற்கூரை பெயர்ந்து டிஸ்ப்ளே கண்ணாடி மேல் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் கட்டடத்தை இடிக்கப்போகிறோம், காலி பண்ணுங்கள் என்று டவுன்ஷிப் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மாற்று இடம் கிடைக்கவில்லை.

ஒரு ஹோட்டல்காரர் வந்து வாத்தியங்களை மொத்தமாகக் கேட்டார். லாபியில் கண்ணாடிக்குள் வைப்பாராம். எனக்கு நிம்மதியாக இருந்தது. சார் யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார்.

மறுநாள் பண்ருட்டியிலிருந்து ஏழுமலை என்று ஒருவர் வந்தார். கல்யாண பேண்டு செட்டில் வாசிப்பவர்.

"சாக்ஸபோன் மட்டும் குடுத்தீங்கன்னா போதும் சார். பத்திரமா வச்சிக்குவேன்னு பொய் சொல்லமாட்டேன். ஊர்வலத்துல ஊதிக்கினே போவறது. வெயிலு படும், நசுங்கும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இவரு கையில குடுக்கவா சார் இத்தனை வருசம் தொடச்சேன்?"

"இரும்மா. வாசிங்க ஏழுமலை" என்றார் சார்.

ஏழுமலை மெட்டு ஒன்றை எடுத்தார். டர்பைன் இரைச்சலில் பல வருடம் நின்றதால் சாருக்குக் காது மந்தம். எழுந்து போய் அவர் தோளருகில் தலையைச் சாய்த்து நின்றார். வாசித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. நசுங்கினா தட்டி நிமித்திக்கலாம்."

அதன்பின் ஒவ்வொன்றுக்கும் ஆள் தேடினோம். டிரம்ஸ் சர்ச்சுக்குப் போனது, ரெக்கார்டுகள் ஒரு கல்லூரிக்கு. டிரம்பெட்டை மட்டும் சார் தன்னோடு மகள் வீட்டுக்கு எடுத்துப்போனார். ஹோட்டல்காரருக்கு எதுவும் மிஞ்சவில்லை.

இப்போது நான் வேறு இடத்தில் சூப்பர்வைசர். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு இடத்தைத் திறக்கும்போது சாமியானா, மாலை, போட்டோ எல்லாம் இருக்கும். மூடும்போது யாரும் வரமாட்டார்கள். அந்த வேலையையும் அதே கவனத்தோடு செய்யுங்கள்.

கடைசி நாள், இடிக்கப்போகிற கட்டடம்தானே என்று பேசாமல் கிளம்பியிருக்கலாம். சார் ஒரு அறையைப் பெருக்கினார், நான் இன்னொன்றை. ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சாவியைக் கொடுத்தோம்.