மாமியார் வீட்டில் மலைக்காரர் பாஷை

எந்த ஊரிலும் பேசாத ஒரு பாஷையை நாற்பதை நெருங்கும் வயதில் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் ஒன்றும் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. புருஷனிடம் நாலு வார்த்தை தனியாகப் பேச வேறு வழி தெரியாமல் கற்றுக்கொண்டேன்.

அப்போது எங்கள் வீடு திண்டிவனத்தில். எனக்கு வேலை விழுப்புரத்தில், ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவில். இருட்டோடு எழுந்து, காலைக்கும் மதியத்துக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டு பஸ் பிடிக்க வேண்டும். விழுப்புரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்து போய்ச் சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். சாயங்காலம் அதே பாடு. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை நின்றுகொண்டே வந்த நாட்கள்தான் அதிகம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றக் குனிய முடியாது. ஒரு காலால் மறு காலின் செருப்பைத் தள்ளிவிட்டு உள்ளே வருவேன்.

விழுப்புரத்திலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் வேலை செய்த எலக்ட்ரிகல் கடைக்கு விழுப்புரத்திலும் ஒரு கிளை இருந்தது. முதலாளியிடம் கேட்டால் மாற்றிக் கொடுப்பார். ஆனால் அதற்கு முன்னால் அவர் தன் அம்மாவிடம் வாயைத் திறக்க வேண்டும். இத்தனை கூத்தும் அதற்காகத்தான்.

அவர் நல்லவர். கடையில் நன்றாகப் பேசுவார். அம்மா எதிரில் வந்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. என் மாமியாரும் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். புருஷன் போன பிறகு, வல்லம் பக்கத்து நிலத்தில் தனி ஆளாக மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிர்வைத்து மகனைப் படிக்க வைத்தவர். அந்த மகனை அழைத்துக்கொண்டு போகிறேன் என்று நான் எப்படிச் சொல்வது? சொன்னால் நான் பிரித்தவள் ஆவேன். மகன் சொன்னால் அது வீட்டு முடிவு. எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான்.

வீடு என்றால் ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. கூடத்தில் மாமியார் முறத்தோடு உட்கார்ந்திருப்பார். அறையில் எங்களோடு ஏழு வயது மகள். காதில் விழுந்ததையெல்லாம் காலையில் தன் ஆயாவிடம், அதாவது என் மாமியாரிடம், ஒப்பித்துவிடுவாள். வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதினேனே. பஸ்ஸில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டி எழுதினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

பெரியவர்கள் எதிரில் புருஷனும் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிற வழக்கமும் அந்த வீட்டில் கிடையாது. எதுவானாலும் பிள்ளை வழியாகத்தான் போகும். "பாப்பா, அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீந்துபோச்சுன்னு" என்பேன். கேஸ் தீர்ந்தது அவருக்கும் கேட்டிருக்கும். இருந்தாலும் மகள் திரும்பி, "அப்பா, கேஸ் தீந்துபோச்சாம்" என்பாள். மாமியாரும் என்னிடம் அப்படித்தான். "உங்கம்மாவைக் கேளு, மாவு இன்னா ஆச்சுன்னு." கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வழியாகப் பேசினார், பிறகு என் மகள் வழியாக. கோபமெல்லாம் இல்லை, பழக்கம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை வாயில் வைத்து அனுப்ப முடியாத சேதியும் இருக்கிறதல்லவா?

என் வீட்டுக்காரர்தான் அந்தப் பாஷையைக் கொண்டுவந்தார். பல வருஷம் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதி எழுதி ஓய்ந்துபோனவர். பரீட்சையை விட்ட பிறகு போனில் ஒரு மாயாஜாலத் தொடர் பார்க்க ஆரம்பித்தார். அதில் மலைமேல் வாழ்கிற கூட்டம் ஒன்று தங்களுக்குள் ஒரு பாஷை பேசும். கதைக்காக உட்கார்ந்து உண்டாக்கிய பாஷை. அதற்கு இலக்கணம், சொல் பட்டியல், ஆரம்பப் பாடம் எல்லாம் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறதாம். ஒருநாள் தெருமுனையில் தண்ணீர் கேன் தூக்கி வரும்போது சொன்னார்.

"ரெண்டு பேரும் கத்துக்கலாமா? அப்பறம் கூடத்துலயே உக்காந்து பேசலாம். யாருக்கும் புரியாது."

"ஏங்க, எனக்கு நிக்கவே தெம்பு இல்ல. இதுல பாஷை வேறயா?"

"ஒனக்குப் பேசணும்னு இருக்குதுல்ல?"

சரி என்றேன்.

தொடக்கமே கோணல். மனிதர் பரீட்சைக்குப் படித்த மாதிரியே படிக்க ஆரம்பித்தார். சொல் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்தார். மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டார். முதல் எழுத்திலிருந்து வரிசையாக மனப்பாடம். எனக்கும் அதே பாடம்தான். பஸ்ஸில் நின்றுகொண்டு உதட்டை அசைத்து அசைத்துப் படித்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் நான் ஏதோ ஸ்லோகம் சொல்கிறேன் என்று நினைத்து இடம்கூட விட்டார். வீட்டுக்கு வந்தால் அவர் ஒரு மதிப்பெண் கேள்வி கேட்பார். கழுகுக்கு என்ன? கோடாரிக்கு என்ன? பனிச்சரிவுக்கு என்ன? நான் சரியாகச் சொல்லிவிட்டால் முகமெல்லாம் சந்தோஷம்.

ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து சமையல்கட்டில் சுவரோடு சாய்ந்து நின்றேன். கால் வலிக்கிறது என்று அந்தப் பாஷையில் அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நெஞ்சில் தேடினால் கழுகு இருக்கிறது, கோடாரி இருக்கிறது. கால் இல்லை. வலி இல்லை. 'வா' என்பதுகூட இல்லை, அது பட்டியலில் இன்னும் வரவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"இன்னாங்க இது பேஜாரு? நான் ஒங்ககிட்ட பேசறதுக்குக் கத்துக்கறேன். பாஸாவறதுக்கு இல்ல" என்றேன், குரலை அடக்கிக்கொண்டு.

அவர் கையில் இருந்த ஜெராக்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதை மடித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் பொரித்த அப்பளத்தை அதன்மேல்தான் எண்ணெய் வடியப் போட்டேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையில் கற்றுக்கொள்ள ஆரம்பித்தோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பட்டியலைத் தூக்கி ஓரமாகப் போடுங்கள். செருப்பைக் கழற்றுவதில் இருந்து படுக்கை விரிப்பதுவரை உங்கள் வீட்டில் என்ன பேசுகிறீர்களோ, அதை மட்டும் முதலில் தேடுங்கள். நாங்கள் அப்படித்தான் தேடினோம். வா, உட்கார், சாப்பிட்டாயா, சுடுகிறது, போதும். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கரண்டி என்று சொன்னால் அது மறக்காது. தாளில் பார்த்த கரண்டி மறந்துபோகும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தப்பாக இருந்தாலும் சொல்ல வேண்டும். திருத்திக்கொண்டு பேசலாம் என்று காத்திருந்தால் கிழவியாகிவிடுவோம்.

அந்த மலைக்காரர்களிடம் பஸ் இல்லை. அதனால் பெரிய கழுதை என்று வைத்துக்கொண்டோம். மாமியார் என்றும் ஒரு சொல் இல்லை, 'மூத்தவள்' என்று வைத்துக்கொண்டோம். களைப்புக்கும் தனிச் சொல் கிடையாது. 'வெஷ் தரூன்' என்பார்கள். சுமை இறங்கவில்லை என்று அர்த்தம். அதைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ எங்கோ உட்கார்ந்து கதைக்காகக் கட்டிய சொல், என் இடுப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

மகளுக்குத்தான் பெரிய வருத்தம். அவள் வேலை போய்விட்டது. "என்கிட்ட சொல்லும்மா, நான் சொல்றேன்" என்று நடுவில் வந்து நிற்பாள். மாமியார் முறத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போது என் வீட்டுக்காரர் ஒரு பொய் சொன்னார். "ரெண்டு பேரும் பரீட்சை எழுதப்போறோம்மா. இப்போ இந்தப் பாஷையும் கேக்கறாங்க."

பரீட்சை என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது. மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்தார். மல்லாட்டை உடைக்கிற சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று முறத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து 'படிக்கும்போது' இரண்டு டம்ளரில் காபி வந்தது. எனக்கும் சேர்த்து. "பாப்பா, படிக்கிறவங்கள தொந்தரவு பண்ணாத. இப்டி வா" என்று மகளையும் அழைத்துக்கொள்வார். அந்தக் காபியைக் குடித்துக்கொண்டேதான், அவரை விட்டுப் போவதைப் பற்றி நாங்கள் பேசினோம். அது தப்பு என்று தெரியும். ஆனாலும் குடித்தேன். களைப்பு அப்படி.

அந்தப் பாஷையில் என் வீட்டுக்காரர் வேறு ஆளாக இருந்தார். தமிழில் "ம்" சொல்கிறவர் அதில் முழு வாக்கியம் பேசினார். நீ பெரிய கழுதையிலிருந்து இறங்கி வரும்போது உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றார். இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. அழுகை வந்துவிட்டது, புரையேறியது என்று சமாளித்தேன்.

பிறகு அவர் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். அம்மாவிடம் சொல்ல வேண்டியதை, அம்மா அந்தப் பக்கம் வாசலில் உட்கார்ந்திருக்கும்போதே, என்னைப் பார்த்து அந்தப் பாஷையில் சொல்லிப் பார்ப்பார். மூத்தவளே, இவள் சுமை இறங்கவில்லை. மூத்தவளே, நாங்கள் போகிறோம். முதலில் குரல் பிசிறியது. போகப் போகத் தேறியது. ஆனால் தமிழில் மட்டும் அது வாயை விட்டு வரவே இல்லை. ஆடி போய் ஆவணி வந்தது. நான் பஸ்ஸில் நின்றுகொண்டே இருந்தேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் விக்கிரவாண்டி தாண்டி பஸ் நின்றுவிட்டது. நனைந்துகொண்டு நின்று, வேறு பஸ் பிடித்து, ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தேன். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கூடத்தில் அவரும் மகளும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள். மாமியார் பரிமாறிக்கொண்டே, "உங்கம்மாவைக் கேளு, ஊற வெச்சத இன்னிக்கு அரைக்கிறாளா இல்லையான்னு" என்றார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். நான் அவளைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "வெஷ் தரூன்" என்றேன். அதற்குமேல் எனக்கு எந்தப் பாஷையும் வரவில்லை.

அவர் கையைத் தட்டிலேயே வைத்திருந்தார். அந்தப் பாஷையிலேயே எனக்குப் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மா. அவளால முடியல. நாங்க விழுப்புரத்துக்கே போயிடலாம்னு இருக்கோம்."

கரண்டி குண்டானில் நின்றது. மகள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். அவள் வழியாகப் போகாமல் அந்தக் கூடத்தில் ஒரு பெரிய சேதி போனது அதுதான் முதல் தடவை.

"இத சொல்லத்தான் இத்தினி நாளா படிச்சிக்கினு இருந்தியா?" என்றார் மாமியார்.

என் வீட்டுக்காரர் தலை குனிந்தார்.

"எனக்குப் புரியாதுன்னு நெனச்சியா? நல்ல சேதின்னா தமிழ்லயே சொல்லியிருப்பீங்க."

"நீயும் வாம்மா."

"இந்த ஊட்ட உட்டுட்டு நான் எங்க வர்றது? மல்லாட்டைய யாரு பாக்கறது?" என்று சொல்லிவிட்டு, மகன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். அன்றைக்கு மாவை மாமியாரே அரைத்தார். எப்போது தெரிந்துகொண்டார், தெரிந்த பிறகும் எத்தனை நாள் காபி கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தை பிறந்ததும் கிளம்பினோம். குட்டியானை வண்டியில் கட்டில், பீரோ, மகளின் சைக்கிள் எல்லாம் ஏறின. மாமியார் ஒரு சாக்கு மல்லாட்டையைத் தானே இழுத்து வந்து வண்டிக்காரரிடம் கொடுத்தார். "அடியில வெக்காதப்பா, நொறுங்கிடும். மேல வை." என் வீட்டுக்காரர் கயிறு கட்டிக்கொண்டு இருந்தார். நான் வாசலில் நின்றேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் அசிங்கமாகவும் இருந்தது.

மாமியார் படியில் உட்கார்ந்து மகளை இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டு, அவள் தலைப்பின்னலைச் சரிசெய்தார். சரியாக இருந்த பின்னல்தான்.

"பாப்பா, உங்கம்மாவைக் கேளு."

"இன்னா ஆயா?"

"அந்தப் பாஷையில போவாதன்னு சொல்றதுக்கு இன்னா சொல்லுவாங்கன்னு கேளு."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். மாமியார் என்னைப் பார்க்கவில்லை, பின்னல் நுனியையே பார்த்துக்கொண்டு இருந்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்தபடி அவரும் என்னைப் பார்த்தார். வா எங்களுக்குத் தெரியும். போகிறோம் தெரியும். போதும் தெரியும். எங்கள் வீட்டில் தேவைப்படும் சொற்களாகப் பார்த்துப் பொறுக்கிப் பொறுக்கிக் கற்றுக்கொண்டிருந்தோம். அதில் இது இல்லை.

"அம்மாவுக்குத் தெரியலையாம் ஆயா" என்றாள் மகள்.