நிழல் விழாத கூரை

திருவிடந்தை மீனவக் குடும்பத்தில் பிறந்த ஷீலா கட்டட வடிவமைப்புப் படித்தவள். கடற்கரைச் சாலையில் செல்வராஜ் கட்டவிருந்த விடுதிக்குப் படம் போடும் வேலை அவளுக்கு வந்தது. "பசுமைக் கட்டடம்னு பேரு வாங்கணும்மா" என்று அவர் சொன்னபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டாள்.

மனையின் மேற்கே, சாலையோரம் மூன்று பெரிய புன்னை மரங்கள் நின்றன. பிற்பகல் வெயில் சுவரைத் தொடாமல் அவை மறைத்தன. ஆனால் அதே நிழல் கூரையில் வைக்கும் சோலார் தகடுகள் மேலும் விழும். மரமும் வேண்டும், மின்சாரமும் வேண்டும். மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டாள்: தகடுகளைத் தெற்கே, கார் நிறுத்துமிடத்துக்குக் கூரையாகப் போடுவது. மின்சாரம் சற்றுக் குறையும்; அறைகள் குளுமையாக இருப்பதால் தேவையும் குறையும்.

செல்வராஜ் படத்தைத் தள்ளினார். "அங்க வெச்சா எவன் பாப்பான்? ரோட்ல போறவனுக்குப் பளபளன்னு தெரியணும். மரத்த எடுத்துடு."

"எடுத்தா ரூமெல்லாம் அடுப்பா கொதிக்கும் சார்."

"ஏசி எதுக்கு கீது?"

மறுவாரம் அவள் போனபோது மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடந்தன. அவற்றின் நிழலில் மீன் விற்றுவந்த ஆதியம்மாள், தலையில் ஈரத்துணியோடு வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி ஷீலா, இதான் உன் பசுமையா?"

ஷீலாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செல்வராஜ் சொன்னபடியே தகடுகள் கூரைமேல் ஏறின. கட்டி முடித்ததும் அறைகள் கொதித்தன. ஏசியை இரட்டிப்பாக்கினார்கள். சோலார் போதாமல் டீசல் ஜெனரேட்டர் வந்தது. அதன் கரி தகடுகள் மேலேயே படிந்தது. வெட்டிய புன்னையை இழைத்து வரவேற்பறை மேசையாக்கி, மேலே 'இயற்கையோடு வாழ்வோம்' என்று பலகை மாட்டினார் செல்வராஜ். திறப்பு விழாவில் வந்தவர்கள் அந்த மேசையைத் தடவித் தடவிப் பாராட்டினார்கள்.

சால்வையோடு மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் ஏறவில்லை.

"வாசல் கல்வெட்டுலேர்ந்து என் பேர எடுத்துடுங்க சார்."

"கல்லுல வெட்டினத எப்டிம்மா எடுக்கறது?" என்று அவர் சிரித்தார்.

இப்போது மாமல்லபுரத்தில் சொந்தமாகத் தொழில் செய்கிறாள். வீடு கட்ட வருகிறவர்கள், "அந்தப் பசுமை ரிசார்ட் நீங்க போட்டதுதானே?" என்று ஆசையாகக் கேட்கிறார்கள். அப்போதெல்லாம் அந்த டீசல் புகை மூக்கில் ஏறுகிறது.

"நான் போட்டது வேற. அத கட்டவே இல்ல" என்கிறாள்.