அலைக்குளத்தில் ஒரு ஞாயிறு

என் நாத்தனார் மகன் அருண் எங்கள் வாட்டர் பார்க்கின் அலைக்குளத்தில் மூழ்கியபோது, லைஃப்கார்ட் பாப்பி கரையில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தான். ஊதினானே தவிர, குதிக்கவில்லை. நான் பார்த்த வேலைகளில் நடந்ததைச் சொல்லச் சொன்னால் முதலில் என் வாயில் வருவது இதுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் வங்காளத்தில், பெஹாலாவில் குடியிருந்தோம். கணவருக்குக் கிடர்பூரில் துறைமுக ஒர்க்‌ஷாப்பில் வேலை. வங்காள மொழி சரளமாக வந்துவிட்டதால் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே, டயமண்ட் ஹார்பர் ரோட்டில் இருந்த ஒரு சின்ன வாட்டர் பார்க்கில் ஃப்ளோர் இன்சார்ஜ். மூன்று சறுக்கு, குழந்தைகளுக்கு ஒரு குளம், மோட்டார் போட்டால் அலை அடிக்கும் பெரிய குளம் ஒன்று. அவ்வளவுதான் பார்க். ஆள் எடுப்பது, சம்பளம் எல்லாம் முதலாளி கையில். டிக்கெட் கவுன்டர், லாக்கர், கூட்டம் இவைதான் என் பொறுப்பு.

கோடை விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து கணவரின் தங்கை மாலதி, ஒன்பது வயது மகன் அருணோடு வந்திருந்தாள். ஸ்டாஃப் குடும்பத்துக்கு இலவசப் பாஸ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி என்பதால் எல்லோரும் சேர்ந்தே கிளம்பினோம். நான் வேலை பார்க்கும் இடத்தை அவளுக்குக் காட்டுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. குழந்தையைத் தனியாக விடலாமா என்று வாசலிலேயே கேட்டாள். லைஃப்கார்ட் நாலு பேர் இருக்கிறார்கள், கவலைப்படாதே என்றேன்.

மதியம் கூட்டம் நெரிந்தது. நான் குளக்கரையில் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் எக் ரோல் வாங்க வரிசையில் நின்றார். மாலதி ஆழமில்லாத பக்கம் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். அருண் ரப்பர் வளையத்தில் மிதந்துகொண்டிருந்தான். அலை மோட்டாரைப் போட்டதும் சினிமாப் பாட்டு அலறியது, எல்லோரும் கத்திக்கொண்டு துள்ளினார்கள். அந்த இரண்டாவது அலையிலோ மூன்றாவது அலையிலோ வளையம் கவிழ்ந்தது.

நீரில் மூழ்குகிறவர்கள் கையை ஆட்டிக் கத்துவார்கள் என்று நினைத்திருந்தேன். அருண் கத்தவே இல்லை. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்தது, போனது. கண்கள் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அவன் விளையாடுகிறான் என்றே நினைத்தார்கள். அப்புறம் தலையே தெரியவில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. மற்ற மூன்று லைஃப்கார்டுகளும் சறுக்குப் பக்கம் இருந்தார்கள். பாப்பியைப் பார்த்துக் குதிக்கச் சொல்லிக் கத்தினேன். விசில் வாயில் இருக்க, அவன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் மோட்டார் அறைக்கு ஓடி ஆபரேட்டரை நிறுத்தச் சொன்னேன். மோட்டார் நின்ற பிறகும் தண்ணீர் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டுதான் இருந்தது. திரும்பி ஓடி வந்தபோது, கரையில் காலை நனைத்துக்கொண்டிருந்த பௌதி என்று அங்கே கூப்பிடும் கல்யாணமான பெண் ஒருவர், நாற்பது வயதிருக்கும், கட்டியிருந்த பருத்திப் புடவையோடு தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டிருந்தார். முங்கி எழுந்தபோது அவர் கையில் அருணின் தலைமுடி இருந்தது.

ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். உதடு நீலம். பௌதி அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் வெளியே வந்தது, இருமினான், பிறகு அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் மாலதி ஓடி வந்து சேர்ந்தாள். அதுவரை மூழ்கியது தன் மகன்தான் என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

பார்க் வேனில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் தண்ணீர் தங்கவில்லை, ஒரு ராத்திரி இருக்கட்டும் என்றார் டாக்டர். வெளியே பெஞ்சில் பாப்பி உட்கார்ந்திருந்தான். பின்னாலேயே பஸ் பிடித்து வந்திருக்கிறான். ஏன் குதிக்கவில்லை என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

“எனக்கு நீச்சல் தெரியாது, தீதி.”

கேட் வேலைக்குத்தான் வந்தானாம். சிவப்பு டி-ஷர்ட் அவன் அளவுக்குச் சரியாக இருந்ததால் முதலாளி விசிலைக் கொடுத்துக் குளத்தருகே நிறுத்திவிட்டாராம். மற்ற மூன்று பேருக்கும் நீச்சல் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, நாங்கள் பேசிக்கொண்டதில்லை என்றான். நான் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வங்காளத்தில் பேசியது மாலதிக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறான் என்று கேட்டாள். சொன்னேன். என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணி, நீங்க தெனமும் அங்கதானே இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்றேன். திருச்சிக்கு ரயிலேறும் வரை அவள் அருணின் கையை விடவில்லை.

மறுநாள் காலை பார்க் திறக்கும் முன், அலை இல்லாத குளத்தில் நாலு பேரையும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகச் சொன்னேன். ஒருவன் நீந்தினான். ஒருவன் தரையில் காலூன்றி நடந்தே போய்விட்டுக் கையை மட்டும் வீசிக் காட்டினான். மற்ற இருவரும் இறங்கவே இல்லை. வருஷம் முழுக்க இவர்களைக் காட்டித்தான் நான் தாய்மார்களுக்குத் தைரியம் சொல்லியிருக்கிறேன்.

முதலாளி வந்ததும் அலைக்குளத்தை மூட வேண்டும் என்றேன். அவர் பதறவில்லை.

“மொத்த ஆழமே அஞ்சடி. எழுந்து நின்னா தலை வெளியதானே இருக்கும்? இதுக்கு எதுக்கு நீச்சல்?”

“அருண் நாலடிதான் சார்.”

சீசனில் குளத்தை மூடினால் பார்க்கையே மூடியது மாதிரி என்றார். இஷ்டம் இல்லையென்றால் நான் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். நான் பையை எடுத்துக்கொண்டேன். அப்போது பாப்பி உள்ளே வந்து, டி-ஷர்ட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் பனியனோடு நின்றான்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் யாரும் முங்கிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் நிக்கிறேன், பாபு. இனிமே என்னால முடியாது.”

அவன் பின்னால் நீச்சல் தெரியாத மற்ற இருவரும் வந்தார்கள். கடைசியாக, நீச்சல் தெரிந்தவனும் வந்தான். மேஜையில் நாலு சிவப்பு டி-ஷர்ட். முதலாளி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அலைக்குளத்தின் வாசலில் கயிறு கட்டச் சொன்னார். நான் பையைக் கீழே வைத்தேன்.

பெஹாலாவில் ஒரு குளத்தில் நீச்சல் கிளப் நடத்தியவர்களிடம் ஆள் கேட்டு, மூன்று பேர் வந்த பிறகுதான் கயிறு அவிழ்ந்தது. பாப்பி கேட் வேலைக்கே போனான். அதற்குப் பிறகு முதலாளி என்னிடம் நேராகப் பேசியதில்லை. எதுவானாலும் கேஷியர் வழியாகச் சொல்லி அனுப்புவார். அந்தப் பௌதியைத் தேடி அவர் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்லப் போய் அழுதேன். கிராமத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே குளம், சின்ன வயதிலிருந்தே நீந்துவோம், இது ஒரு விஷயமா என்று சொல்லித் தேநீர் கொடுத்தார். எங்கள் பார்க்குக்கு அவர் மறுபடி வரவில்லை.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ‘தெரியுமா?’ என்று யாரையும் கேட்காதீர்கள். வேலை வேண்டுமென்று வந்தவன் தெரியும் என்றுதான் சொல்வான். சில சமயம் அவனைக் கேட்கக்கூட மாட்டார்கள். செய்து காட்டச் சொல்லுங்கள், அதுவும் ஆபத்து வருவதற்கு முன்னால்.

சில வருஷம் கழித்து, நியூ டவுனில் புதிதாகக் கட்டிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்பு எனக்கு வந்தது. முதல் நாள் செக்யூரிட்டி சூப்பர்வைசர் என்னை மாடி மாடியாக அழைத்துப்போய், சுவரில் பளபளவென்று மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டர்களைக் காட்டினார். ஒன்றை இறக்கி அடித்துக் காட்டச் சொன்னேன். மேடம், புதுசு, வீணாகிவிடுமே என்று தயங்கினார். பரவாயில்லை என்றேன். அவர் பின்னைப் பிடுங்கி, குழாயை நீட்டி, கைப்பிடியை அழுத்தினார்.

ஒன்றும் வரவில்லை. அடுத்த மாடிக்குப் போனோம். அதிலும் வரவில்லை.