ஆதரவுக்கும் எதிர்ப்புக்கும் ஒரே மைக் செட்

1. ஒரே சனிக்கிழமை

மேற்குத் தாம்பரத்தில் நான் மைக் செட் கடை வைத்திருந்த காலம். எண்பதுகளின் தொடக்கம். ஒரு நாள் காலை கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். ஒரே கட்சியைச் சேர்ந்த இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, ஒரே சனிக்கிழமைக்கு, ஒரே மைக் செட்டைக் கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

முதலில் வந்தவர் ஏகாம்பரம், மரக்கடை முதலாளி, கட்சியின் நகரச் செயலாளர். அடுத்து வந்தவர் தனசேகரன், டுடோரியல் காலேஜ் நடத்துகிறவர், கட்சியின் மாவட்டப் பிரதிநிதி. கட்சியின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு பேரின் பிள்ளைகளும் இன்றைக்கும் எனக்கு வேண்டியவர்கள்.

சண்டைக்குக் காரணம் டெல்லியில் வரவிருந்த ஒரு சட்டம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்கள் இனிமேல் அரசிடம் பதிவு செய்துகொண்டுதான் தொழில் நடத்த வேண்டும், போகிறவர்களும் அதற்கென்று இருக்கும் அதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். தாம்பரம், குரோம்பேட்டை, அனகாபுத்தூர் பக்கமெல்லாம் அப்போது தெருவுக்கு நாலு பேர் வளைகுடாவுக்குப் போகக் காத்திருந்தார்கள். அதனால் டீக்கடையில்கூட இதே பேச்சுதான். கட்சித் தலைமையோ 'ஆழ்ந்து பரிசீலித்து வருகிறோம்' என்று ஒரு அறிக்கை விட்டுவிட்டுச் சும்மா இருந்தது. அந்த இடைவெளியில் எங்கள் ஊர்க் கிளை இரண்டாகிவிட்டது.

"சட்டம் வந்தா நம்ம பசங்க ஒருத்தனும் ஏரோப்ளேன் ஏற முடியாது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு வருசம் இழுப்பானுங்கோ. நாங்க எதிர்க்கிறோம்" என்றார் ஏகாம்பரம்.

தனசேகரன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி பேசினார். "சட்டம் வரலைன்னா போலி ஏஜென்ட்கிட்ட நம்ம பசங்க ஏமாந்துக்கிட்டே இருப்பாங்க. நாங்க ஆதரிக்கிறோம். கண்ணன், இதை அவர்கிட்ட சொல்லிடுங்க."

"நானும் இங்கதான் கீறேன். காதுல வுழுதுன்னு அவருகிட்ட சொல்லு, கண்ணா."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் தொல்லையே. ஆனால் இரண்டு பேரும் அந்தச் சட்டத்தின் ஒரு வரியைக்கூடப் படித்ததில்லை. தனசேகரன் ஒரு இங்கிலீஷ் பேப்பரைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மேடையில் பேசும்போது அந்தப் பையை அடிக்கடி தட்டுவார். வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை.

பூவா தலையா போட்டேன். ஆதரவுக்குச் சனிக்கிழமை, எதிர்ப்புக்கு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

2. அவர்களே, அவர்களே

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், அரசியல் கூட்டத்தில் மைக்குக்கு முக்கால்வாசி வேலை பெயர் படிப்பதுதான். பேச எழுந்தவர் மேடையில் இருக்கும் அத்தனை பேரையும் பட்டத்தோடு விளிக்க வேண்டும். 'தலைமை தாங்கும் அண்ணன் அவர்களே, முன்னிலை வகிக்கும் இன்னார் அவர்களே, வரவேற்புரை ஆற்றி அமர்ந்திருக்கும் இன்னார் அவர்களே' என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த ஆள் மேடையிலிருந்து இறங்கிப் போய்விடுவார். பெயர் முன்னே பின்னே ஆனால் அடுத்த வாரம் அவர் எதிர்க்கோஷ்டியில் இருப்பார். எங்கள் ஊரில் பாதிப் பேர் ஆதரவிலிருந்து எதிர்ப்புக்கும் எதிர்ப்பிலிருந்து ஆதரவுக்கும் போனது இந்தக் காரணத்தால்தான். சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சனிக்கிழமைக் கூட்டமும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் அப்படியே நடந்தன. இரண்டிலும் கடைசியில் நன்றி சொன்ன பெயர் ஒன்றுதான், மோகன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் டிராவல்ஸ் போர்டு மாட்டிக்கொண்டு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட். எதிர்ப்பு ஏகாம்பரத்துக்கு அவர் தங்கை புருஷன். ஆதரவு தனசேகரனுக்கு மேடையும் பந்தலும் அவர் உபயம். போலி ஏஜென்ட்களைக் கிழித்துத் தொங்கவிட்ட தனசேகரன், ஊரில் இருந்த ஒரே ஏஜென்டுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

இரண்டு கூட்டத்துக்கும் ஒரு அம்மா வந்திருந்தார். மேடைக்குப் பக்கத்தில், என் ஆம்ப்ளிஃபையர் பெட்டியை ஒட்டி நின்று முழுக்கக் கேட்டார். பெயர் ரோஸ்லின். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. ஞாயிற்றுக்கிழமை நான் ஒயர் சுருட்டும்போது கிட்டே வந்தார்.

"தம்பி, நேத்தும் கேட்டேன், இன்னிக்கும் கேட்டேன். ஒன்னும் புரியல. எங்க வூட்டுக்காரரு பாஸ்போர்ட்டு மோகன் கைல கீது. போய்க் கேட்டா, புதுச் சட்டம் வருதும்மா, அதுவரிக்கும் எதுவும் அசையாதுன்றாரு. மெய்யா?"

"எனக்குத் தெரியாதுக்கா. உங்க வீட்டுக்காரர அவர்தான் அனுப்பறாரா?"

"அவரு எங்க அனுப்பினாரு. எங்க கொழுந்தனாரு மஸ்கட்ல கீறாரு. அவரே விசா எடுத்து அனுப்பிட்டாரு. பாஸ்போர்ட்டு மட்டும் இருந்தா போதும். இந்த மாசத்துக்குள்ள போகலன்னா அந்த விசா செத்துடுமாம்."

அவர் கணவர் ஆன்டனி வெல்டர். குரோம்பேட்டையில் அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகள். வேலை வாங்கித் தருவார் என்று முதலில் மோகனிடம்தான் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தார். வேறு ஆள் மூலம் போகிறார் என்று தெரிந்ததும் மோகன் அதைப் பிடித்துவைத்துக்கொண்டார். சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு அவருக்கு நல்ல சாக்காகிவிட்டது. ரோஸ்லின் அக்கா ஏகாம்பரத்திடம் போனார். "என் மச்சான்மா, நான் சொல்லிப் பாக்குறேன்" என்று அவர் அனுப்பிவிட்டார். தனசேகரனிடம் போனார். "இதுக்காகத்தான் சட்டம் வேணும்கிறோம்" என்று அவர் அரை மணி நேரம் விளக்கினார். பாஸ்போர்ட் மோகனின் பீரோவிலேயே இருந்தது. எனக்குக் கேட்கக் கேட்க எரிச்சலாக வந்தது.

3. கூட்டு விளக்கக் கூட்டம்

ஊரில் கட்சி சிரிப்பாய்ச் சிரிக்கிறது என்று யாரோ தலைமைக்கு எழுதிப்போட்டுவிட்டார்கள். இரண்டு கோஷ்டியும் சேர்ந்து ஒரே மேடையில் ஒரு விளக்கக் கூட்டம் போட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேர் பதவியும் போகும் என்று ஓலை வந்தது.

அதற்கான பேச்சுவார்த்தை என் கடையில் நடந்தது, பொது இடம் என்பதால். சட்டத்தைப் பற்றி என்ன பேசுவது என்பது டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. 'ஆழ்ந்து பரிசீலித்து வருகிறோம்' என்றே இரண்டு பேரும் பேசுவதாக ஒப்புக்கொண்டார்கள். யார் பெயரை முதலில் விளிப்பது என்பதில்தான் இழுத்தது. ஒரு பேச்சாளர் ஏகாம்பரத்தை முதலில் சொன்னால் அடுத்தவர் தனசேகரனை முதலில் சொல்ல வேண்டும் என்றார்கள். அப்படியானால் முதல் பேச்சாளர் யார் என்றார்கள். நான் எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அப்போதும் அதே இடத்தில்தான் இருந்தார்கள்.

கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மேடை போட்டோம். ஜி.எஸ்.டி. ரோடு நெடுகக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டினேன். குழாய் என்றால் ஹாரன் ஸ்பீக்கர், தொழிலில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இருந்ததில் பெரிய குழாயை மோகனின் மாடி ஜன்னலுக்கு நேராகக் கட்டச் சொல்லி மோகனே ஆள் அனுப்பியிருந்தார். நன்றியுரையில் தன் பெயர் வரும்போது ஆபீசில் உட்கார்ந்தபடியே கேட்க வேண்டுமாம். கட்டிக் கொடுத்தேன்.

சாயங்காலம் மேடை நிறைந்துவிட்டது. நான் வழக்கம்போல டெஸ்டிங் செய்ய மைக் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமினேன்.

"இரு, கண்ணா" என்றார் ஏகாம்பரம். "நீ சனிக்கிழமை அவங்க கூட்டத்துல மொதல்ல பேசினவன்."

"அண்ணா, நான் எங்க பேசினேன். ஹலோ ஒன் டூ த்ரீன்னேன்."

"இன்னா சொன்னேன்றது இல்ல. இந்தக் கூட்டத்துல மொதக் கொரலு யாருதுன்றதுதான் மேட்டரு. அவங்காளு கொரல்ல தொடங்கிச்சுன்னு நாளைக்கு சொல்லுவானுங்கோ."

தனசேகரனும் எழுந்து வந்தார். "அவர் சொல்றதும் சரிதான். ஞாயிற்றுக்கிழமை கண்ணன் அவங்களுக்கும் டெஸ்டிங் பண்ணியிருக்கார். எங்களுக்கும் சந்தேகம் இருக்கு."

பல வாரங்களில், தலைமை மிரட்டாமல் அவர்கள் தாமாக ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக வேலை செய்த என் குரல் இரண்டு பேருக்கும் ஆகாத குரலாகிவிட்டது. ஆதரவு ஆள் டெஸ்டிங் செய்யக் கூடாது, எதிர்ப்பு ஆளும் செய்யக் கூடாது, நானும் கூடாது. மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நேரமோ போய்க்கொண்டிருந்தது.

ஏகாம்பரத்தின் கண் ஆம்ப்ளிஃபையர் பக்கம் நின்ற ரோஸ்லின் அக்கா மேல் விழுந்தது.

"இந்தம்மா எந்தக் கோஷ்டி?"

"எந்தக் கோஷ்டியும் இல்ல, அண்ணா."

"அப்போ இந்தம்மா சொல்லட்டும். உங்களுக்குச் சரியா?" என்று, அன்று தனசேகரன் காலண்டரிடம் பேசியதுபோல், ஏகாம்பரம் வானத்தைப் பார்த்துக் கேட்டார். தனசேகரன் சரி என்றார்.

நான் அக்காவை மைக் முன்னால் நிறுத்தி, ஸ்டாண்டை அவர் உயரத்துக்கு இறக்கினேன். "ஹலோ ஹலோ, ஒன் டூ த்ரீன்னு சொல்லுங்கக்கா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ஆம்ப்ளிஃபையரிடம் போய் உட்கார்ந்தேன்.

"ஹலோ. ஹலோ. ஒன்னு, ரெண்டு, மூணு" என்றார். குரல் ரோடு முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. அது அவருக்கே ஆச்சரியம். ஒரு கணம் நின்று கேட்டார். பிறகு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மோகன் சாரு, கேக்குதா. நான் ரோஸ்லினு. எங்க வூட்டுக்காரரு ஆன்டனி பாஸ்போர்ட்டு உங்க பீரோல கீது. சட்டம் வர்றப்போ வரட்டும், போறப்போ போகட்டும். மாசம் முடியப் போவுது. பாஸ்போர்ட்டைக் குடுங்க, சாரு."

பஸ்ஸுக்கு நின்றிருந்த கூட்டம் மொத்தமும் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தது. டீக்கடையிலிருந்து ஒரு ஆள், "எங்க தம்பியோடதும் அங்கதான் கீது" என்று குரல் கொடுத்தார். இன்னும் ரெண்டு பேர் ரோட்டைக் கடந்து மாடிப்படிப் பக்கம் நடந்தார்கள்.

"ஆஃப் பண்ணு, கண்ணா" என்றார் ஏகாம்பரம்.

"டெஸ்டிங் இன்னும் முடியல, அண்ணா. கடைசிக் குழாய்ல கேக்குதான்னு பாக்கணும்" என்று சொல்லி வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அந்த நிமிடம் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை.

"கேக்குதா, சாரு" என்று அக்கா மறுபடி கேட்டார். ஜன்னல் மூடியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அரசியல். இந்த அம்மாவைத் தனசேகரன்தான் ஏற்பாடு செய்தார் என்று ஏகாம்பரம் நினைத்தார். மச்சானை வைத்து நாடகம் ஆடி ஏகாம்பரம்தான் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார் என்று தனசேகரன் நினைத்தார். எதிராளி முந்துவதற்குள் பாஸ்போர்ட்டை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் மேடையிலிருந்து குதித்தார்கள். மோகனின் மாடிப்படி ஒரு ஆள் ஏறும் அகலம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏறி நடுவில் சிக்கிக்கொண்டார்கள். ஒருவரும் பின்வாங்கவில்லை. தோளோடு தோள் உரச, பக்கவாட்டில்தான் மேலே போய்ச் சேர்ந்தார்கள்.

மோகனுக்கு வேறு வழி இல்லை. கீழே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆன்டனியின் பாஸ்போர்ட்டோடு கேட்டவர்கள் எல்லோருடையதும் வெளியே வந்தது. அத்தனை நாள் அசையாத பாஸ்போர்ட், மேடையில் ஒரு பேச்சாளர் பெயர் படித்து முடிக்கும் நேரத்துக்குள் வந்துவிட்டது.

ஆனால் கையில் வாங்க முடியவில்லை. யார் கையால் கொடுப்பது என்று மேடையில் மறுபடி தகராறு. ஒரு முனையை ஏகாம்பரமும் மறுமுனையைத் தனசேகரனும் பிடித்துக்கொண்டு போட்டோகிராபர் பக்கம் சிரித்தார்கள்.

"வுடுங்க, சாரு. கிழிஞ்சிடப் போவுது" என்று அக்கா இரண்டு பேர் விரலையும் பிரித்தெடுத்தார். வாங்கியவர் பிரித்துப் புருஷன் போட்டோவைப் பார்த்தார். அப்புறம்தான் அழுதார்.

4. பத்து மணி வரை

ஒருவர் பெயர் முதலில் வரக் கூடாது என்று இன்னொருவர் பிடிவாதமாக இருந்ததற்கு அன்று வழி கிடைத்தது. பேசிய அத்தனை பேரும் 'வீரத்தாய் ரோஸ்லின் அம்மையார் அவர்களே' என்று தொடங்கினார்கள். அதற்குப் பின்னால் மற்ற பெயர்கள் எந்த வரிசையில் வந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வீரத்தாயோ முதல் பேச்சாளர் எழுவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்காகப் போட்ட நாற்காலியை விளித்து விளித்தே பத்து மணி ஆனது. போலீஸ்காரர் வந்து மைக்கை அணைக்கச் சொன்னார். சட்டத்தைப் பற்றி அன்று யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு டெல்லியில் சட்டம் நிறைவேறியது. 'எங்கள் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி' என்று இரண்டு கோஷ்டியும் சுவரொட்டி ஒட்டின, எதிர்த்த கோஷ்டி சற்றுப் பெரிதாக. மோகன் முறைப்படி பதிவு செய்துகொண்டு, போர்டில் அதையும் எழுதிவைத்தார்.

ஆன்டனி மாதம் முடிவதற்குள் போய்விட்டார். விமானத்தில் ஏற்றிவிட்டு வந்த அன்று சாயங்காலம் ரோஸ்லின் அக்கா கடைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. சந்தோஷமா துக்கமா என்று நான் கேட்கவில்லை. இரண்டும்தான்.

"ஏன் தம்பி, அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா, கடைசிவரிக்கும் ஒருத்தரும் சொல்லலியே" என்றார்.

"எனக்கும் தெரியலக்கா. யாராவது பேசினா கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அதன் பிறகு தொழிலை விடும்வரை எத்தனையோ கூட்டங்களுக்கு மைக் கட்டினேன். டெஸ்டிங்கை மட்டும் நான் அவசரமாக முடித்ததில்லை. பக்கத்தில் யாராவது தயங்கித் தயங்கி நின்றால், கொஞ்சம் இழுத்தே செய்வேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறேன். ஜனங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் அப்போதே கேட்டுக்கொள்ள விடுங்கள். கூட்டம் தொடங்கிவிட்டால் அதற்கு நேரம் இருக்காது.