இரண்டு திரைகளும் ஒரு பென்சில் கோடும்

கூடத்தில் காகிதம் சரசரவென்று விரியும் சத்தம் கேட்டது. அடுக்களையில் காபி ஊற்றிக்கொண்டிருந்த ஹார்லனின் கை அப்படியே நின்றது. அலாஸ்கா மலைகளுக்கு நடுவே முப்பது வருடம் சின்ன விமானத்தில் தபாலும் மளிகையும் சுமந்தவர். விரிவது விமானி வைத்திருக்கும் வரைபடம் என்று பார்க்காமலே தெரிந்துவிட்டது.

மேஜையருகே மார்லிஸ் நின்றிருந்தாள். போன மாதம் ஹார்லன் ஓட்டிய விமானம் மலைச்சரிவில் மோதியபோது, பக்கத்து இருக்கையில் இறந்துபோன தம்பி டீனின் மனைவி.

"மலையில கிடைச்ச அவர் பையை மீட்புக்காரங்க இன்னிக்குத்தான் கொடுத்தாங்க, இது அதுல இருந்துச்சு. வழியைத் தப்பாச் சொல்லிக் கவுத்துட்டார்னு ஊரே அவரைப் பேசுது. நீங்களும் மறுக்கலை."

ஹார்லன் காபியைக் கொண்டுவந்து அவள் பக்கம் வைத்துவிட்டு, வரைபடத்தின் மேல் குனிந்தார்.

வரைபடத்தில் டீனின் பென்சில் கோடு ஓடியது. பத்து நிமிடத்துக்கு ஒரு குறி, பக்கத்தில் மணி. கடைசிக் குறி, கணவாய்க்கு முந்தைய, மறுபக்கம் வழியில்லாத முட்டுப் பள்ளத்தாக்கின் வாயில். அருகே, 'இது கணவாய் இல்லை.'

"இதை எழுதினவர் வாயைத் திறக்காமலா இருந்தார்?"

"சொன்னான். 'அண்ணே, ஆறு இடது பக்கம் வரணும், வலது பக்கம் ஓடுது. கொஞ்சம் வெளியே பாரு'ன்னான். என் டேப்லெட்டும் போனும் ஒரே இடத்தைக் காட்டுச்சு. 'டேய், எனக்கு ரெண்டு ஓட்டு, உன் காகிதத்துக்கு ஒண்ணுதான்'னேன்."

அவர் அந்தக் கடைசிக் குறியைத் தொட்டார். "ரெண்டுமே இடம் காட்டுற ஒரே ஜி.பி.எஸ். பெட்டிகிட்ட கேட்டுத்தான் சொல்லுதுன்னு எனக்குத் தெரியும் மார்லிஸ். அந்தப் பெட்டி பிசகியிருந்துச்சு. தெரிஞ்சும் நான் சன்னலைப் பார்க்கலை."

"நீங்க ஓட்டுன்னு சொன்னப்ப அவர் என்ன செஞ்சார்?"

"சிரிச்சான்."

மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "இதையெல்லாம் எழுதிக் கொடுங்க," என்றாள்.

"இனி என்னைப் பறக்க விடமாட்டாங்க."

"அவரும்தான் இனி பறக்கப்போறதில்லை."

ஹார்லன் எழுதினார். ஒரு சொல்லையும் மறைக்காமல் கையெழுத்திட்டு நீட்டினார். அவள் அதை வரைபடத்துக்குள் வைத்து மடித்தாள். காபியைத் தொடவே இல்லை.

"நாளைக்கே விசாரணைக்காரங்ககிட்ட கொடுத்துடறேன். உங்களை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரலை, ஹார்லன்."

"வர வேண்டாம்மா," என்றார்.

அவள் வாசல் பனியில் இறங்கி வண்டியை நோக்கி நடந்தாள். வண்டி கிளம்பும்வரை பார்த்துக்கொண்டு நின்ற ஹார்லன், மெல்லக் கதவைச் சாத்தினார்.