சோபாவைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருங்கள்

சோபாவுக்குத் துணி மாற்றும் தொழிலுக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டது: எந்த வீட்டிலும் சோபாவை யாரும் கிழிப்பதில்லை, அது தானாகவே கிழிந்துவிடுகிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். மேலே ஒரு பெட்ஷீட்டை விரித்து வைத்திருப்பீர்கள். விருந்தாளி வந்தால் அந்தக் கிழிசல்மேல் நீங்களே முந்திப்போய் உட்கார்ந்துகொள்வீர்கள். நானும் இரண்டு வருடம் அப்படி உட்கார்ந்தவள்தான்.

சோபாவுக்கு ஜாக்கெட்

நான் ரெட்டியார்பாளையத்தில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுச் சோபாவுக்குத் துணி மாற்ற வருவதாகச் சொன்ன ஆள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். ஊருக்கே தைக்கிற எனக்கு இது பெரிய காரியமா என்று ரோஷம் வந்துவிட்டது. டேப்பை எடுத்து சோபாவுக்கு அளவெடுத்தேன். ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது, கச்சிதமாகப் பிடிக்கவேண்டும். உறை அப்படியே பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சாயந்திரம் என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து தொப்பென்று உட்கார்ந்தார். மூன்று இடத்தில் தையல் விட்டது. ஆள் உட்கார்ந்தால் ஸ்பாஞ்சு அமுங்கும், துணி உள்ளே இழுபடும், அதற்காக இடுக்கில் செருகி வைக்க ஒரு ஜாண் துணி அதிகம் விடவேண்டும் என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் எழுந்திருக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "பாக்க நல்லாத்தான் இருக்கு. உக்காராம பாத்துக்கினே இருக்கணுமா?" என்று கேட்டார்.

தேவி வந்தாள்

இரண்டாவது உறை சரியாக வந்தது. அதைப் பார்த்து நாலு வீட்டில் கேட்டார்கள். சோபாவைப் புரட்டிப்போட, ஆணி பிடுங்க, எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அரியாங்குப்பத்திலிருந்து தேவி வந்தாள். என்னைவிட ஐந்து வயது சின்னவள், கையில் நல்ல பலம்.

வந்த அன்றைக்கே தன் கதையைச் சொல்லிவிட்டாள். டவுனில் ஒரு வீட்டில் வேலை செய்திருக்கிறாள். அந்த வீட்டம்மாவின் ஒற்றைத் தோடு காணாமல் போனது. யாரும் திருடி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள், அவ்வளவுதான். அதே தெருவில் அவள் வேலை பார்த்த மற்ற இரண்டு வீட்டிலும் அதேபோல் நிறுத்திவிட்டார்கள். அது நடந்து நாலு வருடம். அந்த அம்மா மதியம் டிவி பார்த்துக்கொண்டே சோபாவில்தான் சாய்ந்து படுப்பாராம். எத்தனையோ வேலை இருக்க இதற்கு ஏன் வந்தாய் என்று கேட்டேன். "அந்த வீட்டு சோபா ஒருநாள் கிழியுங்க்கா" என்றாள்.

பிள்ளைச்சாவடித் துரு

பிள்ளைச்சாவடியில் கடலைப் பார்த்த வீடு ஒன்று. வெள்ளைத் துணிதான் வேண்டும் என்றார் அந்த வீட்டுப் பெரியவர். அழகாக அடித்துக் கொடுத்தோம், சாதாரண இரும்பு ஆணியில். ஒரு மாதத்தில் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் காவி நிறத்தில் ஒரு வட்டம். உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத ஆணி போடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுபடியும் எல்லாவற்றையும் பிடுங்கினோம். தேவி வழக்கம்போல முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினாள். எந்தச் சோபாவானாலும் அவளுக்கு அந்தப் பழக்கம். சீப்பு, பேனா மூடி, விபூதிப் பொட்டலம் என்று ஏதாவது வரும். இடுக்கில் விழுந்தது வெளியே போகாது, அடித்துணியில் தங்கிவிடும். பெரியவர் அன்று பொறுமையாகத்தான் பேசினார். "வாசல்லேர்ந்து பாத்தா கடல் தெரியுதேம்மா, உங்களுக்குத் தெரியலியா?"

அந்த வீடு

கடைசியில் தோடு தொலைத்த அந்த அம்மாவே போன் செய்தார். அவர் கணவர் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவர்; அதனால் தெருவில் எல்லோரும் அந்த அம்மாவை மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் நம்பரை அந்தத் தெருவில் வீடு வீடாகக் கொடுத்து வைத்திருந்தவள் தேவி. வழக்கம்போல சோபாவை வண்டியில் ஏற்றி வந்துவிடலாம் என்றேன். "வேணாங்க்கா. இங்க வந்து கெடச்சா நாந்தான் வச்சேன்னு சொல்லுவாங்க. அங்கியே பிரிப்போம்" என்றாள். ஒன்றும் கிடைக்காவிட்டால் இவள் எதை நம்பி இத்தனை வருடம் இருந்தாள்?

தேவியைப் பார்த்ததும் மதாம் முகம் மாறியது. ஆனாலும் உள்ளே விட்டார். சோபாவைக் கவிழ்த்தோம். தேவி ஒரு நாற்காலியை இழுத்து மதாமைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பிறகு இரண்டடி தள்ளிப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க பிரிங்கக்கா" என்றாள். நான் அடித்துணியைக் கிழித்தேன். சீப்பு, ரிமோட் மூடி, இரண்டு ஊக்கு, குப்பை. அவ்வளவுதான். தேவியை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூலையில் ஆணிக்கடியில் துணி மடிந்திருந்தது. அதையும் பிரித்தேன். விரலில் குத்தியது திருகாணி; தோடும் அதோடுதான் இருந்தது.

மதாம் அதை வாங்கிப் புடவையில் துடைத்துப் பார்த்தார். "அட, இதுவா! நான் எப்பவோ மறந்துட்டேனே" என்றார்.

"நீங்க மறந்துட்டீங்க மதாம். எங்க தெருவுல ஒருத்தரும் மறக்கல" என்றாள் தேவி.

மூன்றாவது வீடு

மதாம் தோட்டை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு, திரும்பவும் வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். தேவி வேண்டாம் என்றாள். ஒரே ஒரு தடவை தன் தெருவுக்கு வந்துபோனால் போதும் என்றாள். வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கினார், இரண்டு காதிலும் தோடு. தேவி வீட்டு வாசலில் நின்று, பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்க்க, தோடு தன் வீட்டுச் சோபாவிலேயே இருந்தது, தப்பு தன்மேல்தான் என்று சொன்னார். ஆட்டோ திரும்பும்வரை தேவி அசையாமல் நின்றாள். பிறகு என்னிடம், "இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாங்க்கா. மூணாவது வீட்டுக்குக் கேக்கல" என்றாள்.

அன்றிலிருந்து யார் வீட்டுச் சோபாவானாலும் வீட்டுக்காரரை நாற்காலி போட்டு உட்காரவைத்த பிறகுதான் பிரிக்கிறோம். துணி என்ன நிறம் என்ற பேச்சே அதற்கப்புறம்தான்.